தெரு ஏறியது, வீடு இறங்கியது

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டிய இரவில், எங்கள் வீட்டில் எல்லோருடைய கண்ணும் வாசல் மேல்தான் இருந்தது. தெருவில் கணுக்கால் மூழ்கும் தண்ணீர். படியில் மணல் மூட்டை அடுக்கியிருந்தோம். கரண்ட் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் மேல்படியைத் தொடவில்லை. தப்பித்தோம் என்று மூச்சு விட்ட நேரத்தில் பின்கட்டிலிருந்து அம்மா கூப்பிட்டார். "டேய், இங்க வந்து பாரு. தண்ணி கீழேர்ந்து வருது."

பாத்ரூம் தரையின் மூலையில் இருக்கும் ஜாலி வழியாக, ஊற்றுக்கண் திறந்ததுபோல, சத்தமே இல்லாமல் கறுப்புத் தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் டாய்லெட் கோப்பையும் நிரம்பி வழிந்தது. விடியும்போது பாத்ரூமில் முக்கால் அடி தண்ணீர். ஹாலுக்குள் வர 3 இன்ச்தான் பாக்கி. வாசலைக் காத்த மணல் மூட்டைகளுக்கும் இந்தத் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை. அது வேறு வழியாக வந்திருந்தது.

அடுத்த வருடம் அதே பாத்ரூமைப் புதுப்பித்தோம். அப்போது என்ன பார்த்தோம், எப்படிக் கண்டுபிடித்தோம், எதை மாற்றினோம் என்று வரிசையாக எழுதுகிறேன். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, எளாவூர், ஆரம்பாக்கம் என்று எங்கள் பக்கத்தில் இதே தொல்லையோடு எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. வாளி வாளியாக ஆசிட் ஊற்றி, பணத்தைச் செலவழித்து, அடுத்த மழையில் மறுபடியும் அதே இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். அவர்களில் ஒரு வீட்டுக்காவது இது பயன்பட வேண்டும்.

பேஸ்மட்டம் என்ற சொல்

நம் கொத்தனார்கள் 'பேஸ்மட்டம்' என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். வெளிநாட்டில் பேஸ்மெண்ட் என்றால் தரைக்குக் கீழே இருக்கும் அறை. குளிர் நாடுகளில் மண் உறையும் ஆழத்துக்கும் கீழே அஸ்திவாரத்தைக் கொண்டுபோக வேண்டும் என்பதால், எப்படியும் தோண்டிய பள்ளத்தை அறையாக்கிக்கொண்டார்கள். நமக்கு அது நேர் எதிர்ப்பொருள். கடக்காலுக்கு மேலே, தரைமட்டத்துக்கு மேலே, வீட்டைத் தூக்கி நிறுத்தும் மேடைதான் பேஸ்மட்டம். 'மட்டம்' என்ற தமிழ்ச் சொல் அதற்குள் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. வீடு கட்டும்போது தெருவில் போகிறவர்கள்கூடக் கேட்பார்கள்: "பேஸ்மட்டம் எத்தன அடி போட்டீங்க?"

அப்பா 1994-ல் மூன்று அடி போட்டார். அப்போது அது எங்கள் தெருவிலேயே உயரமான பேஸ்மட்டம். வாசலில் ஐந்து படி ஏறித்தான் வீட்டுக்குள் வருவோம். பாத்ரூமை மட்டும் பின்பக்கம், ஹாலை விட ஓர் அடி இறக்கிக் கட்டினார். ஈரம் வீட்டுக்குள் வரக்கூடாது என்ற எண்ணம். அந்தக் கணக்கில் பாத்ரூமே தெருவை விட இரண்டு அடி உயரம்.

அந்த ஐந்து படியில் இன்று ஒன்றரைப் படிதான் வெளியே தெரிகிறது. மீதி எங்கே போயிற்று? யாரும் இடிக்கவில்லை. தெரு விழுங்கிவிட்டது. மண்ரோடு ஜல்லி ரோடானது, ஜல்லி தார் ஆனது, தாருக்கு மேல் தார், கடைசியில் சிமெண்ட். ஒவ்வொரு முறை புது ரோடு போடும்போதும் நாங்கள் எல்லோரும் சந்தோஷமாகத்தான் நின்று பார்த்தோம். சிப்காட் தொழிற்பேட்டை லாரிகளும் கம்பெனி பஸ்களும் குலுங்காமல் போகும், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் என்று. ரோடு எத்தனை இன்ச் ஏறியது என்று அன்றைக்கு யாரும் அளக்கவில்லை.

வேலை ஆரம்பித்தது

அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. கீழே உட்கார்ந்து எழுந்திருக்க முடியவில்லை. இந்தியன் டாய்லெட்டை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைக்க வேண்டும், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி வேண்டும், வழுக்காத டைல்ஸ் வேண்டும். 2024 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கினோம். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது திட்டம்.

பழைய கோப்பையைப் பெயர்த்து, சுவர் டைல்ஸ் ஒட்டி, புது வெஸ்டர்னை உட்காரவைத்துப் பார்த்தாயிற்று. பிளஷ் அழுத்தியதும் தண்ணீர் கோப்பைக்குள்ளேயே ஏறி நின்று, மெதுவாக இறங்கியது. அதே நேரத்தில் தரையில் இருக்கும் நாணி ட்ராப்பில் 'குளுக், குளுக்' என்று சத்தம். பிறகு அதன் வழியாக அழுக்குத் தண்ணீர் மேலே வந்தது.

பிளம்பர் தம்பி பார்த்தவுடனே சொன்னார்: "அண்ணா, அடைப்புதான். ஆசிட் ஊத்திடலாம்."

வேண்டாம் என்றேன். நான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆசிட் என்ன செய்யும் என்று தெரியும். சிமெண்ட் இணைப்பை அரிக்கும். அடைப்பில் தேங்கி நின்றால், அடுத்து அங்கே கை வைப்பவரின் தோலைச் சுடும். வீட்டில் யாராவது பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது ஆளைச் சாய்த்துவிடும். செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். இவ்வளவுக்குப் பிறகும் துணியோ சிமெண்ட் கட்டியோ அடைத்திருந்தால் பெரிதாக ஒன்றும் நகராது. எங்கே அடைப்பு என்று தெரிந்துகொள்வதற்கு முன்னால் எதையும் ஊற்றக்கூடாது.

ஊற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில் எந்தக் குழாய் எதிர்த்து வருகிறது என்று பாருங்கள். வாஷ்பேசினில் மட்டும் தண்ணீர் நின்றால் அதன் ட்ராப்பில் முடியும் சோப்பும் சேர்ந்திருக்கிறது. பத்து நிமிட வேலை. எதை ஊற்றினாலும் தரை ஜாலியில்தான் எதிர்த்து வருகிறது என்றால், எல்லாம் சேரும் மெயின் லைனில் கோளாறு. வீட்டிலேயே தாழ்ந்த வாய் எதுவோ, அதுதான் முதலில் கக்கும். எங்களுக்கு அது நாணி ட்ராப்.

இரண்டாவது, வாளிச் சோதனை. ஒருவர் ஒரு வாளித் தண்ணீரை ஓரிடத்தில் ஊற்ற, இன்னொருவர் மற்ற இடங்களைக் கவனிக்க வேண்டும். வாஷ்பேசின், குளிக்கும் இடம், டாய்லெட் என்று ஒவ்வொன்றாக ஊற்றி, எங்கே சத்தம் வருகிறது, எங்கே ஏறுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குளுக் சத்தம் முக்கியமான தடயம். குழாய்க்குள் இருக்கும் காற்று வெளியேற வழி இல்லாமல் ட்ராப்பின் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும் சத்தம் அது. ட்ராப்பில் சுமார் 50 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்தையும் பூச்சியையும் தடுக்கும் கதவு. குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியே விடும் வெண்ட் பைப் அடைத்துக்கொண்டாலோ, வேலை நேரத்தில் யாராவது அதை அறுத்து மூடிவிட்டாலோ அந்தத் தண்ணீர் உறிஞ்சப்பட்டு, வீடே நாறும்.

மூன்றாவது, சேம்பரைத் திறந்து பாருங்கள். வீட்டுக்கும் டேங்குக்கும் நடுவே இருக்கும் சேம்பர் காய்ந்து கிடந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம். நிரம்பி நின்றால் டேங்குப் பக்கம். தேட வேண்டிய நீளம் ஒரே பார்வையில் பாதியாகிவிடும். எங்கள் தெருவில் பல வீடுகளில் சேம்பர் மூடி டைல்ஸுக்கு அடியில் புதைந்துபோய்விட்டது. தயவுசெய்து அப்படி மூடாதீர்கள். டாக்டர் நாடி பார்க்கும் இடத்தைக் கட்டுப்போட்டு மறைப்பதுபோல அது.

எங்கள் சேம்பர் காய்ந்திருந்தது. ஆகவே அடைப்பு வீட்டுப் பக்கம். வளைவில் இருந்த டோர் பெண்டைக் கழற்றிக் கம்பியை விட்டுக் கிளறியதும் கையளவு சிமெண்ட் சாக்குத் துண்டு வந்தது. பின்னாலேயே டைல்ஸ் சில்லு, இறுகிப்போன கலவைக் கட்டி. கோப்பையைப் பெயர்த்தபோது குழாய் வாயில் சாக்கைத் திணித்து மூடியிருந்தார்கள். அதுவே உள்ளே போய்விட்டது. பாத்ரூம் வேலை நடக்கும் எல்லா வீட்டிலும் இது நடக்கக்கூடியது. திறந்த பைப் வாய் ஒவ்வொன்றுக்கும் அளவான மூடியை வாங்கிப் போடச் சொல்லுங்கள். வேலை முடிந்தபின் உடைக்கும் செலவோடு பார்த்தால் அந்த மூடியின் விலை ஒன்றுமே இல்லை.

தண்ணீர் சரசரவென்று ஓடியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. தரை டைல்ஸ் ஒட்ட நாள் குறித்தோம்.

நான்காவது சோதனையை மழை செய்தது

இரண்டு நாள் கழித்து ராத்திரி ஒரு மணி நேரம் இடி மழை. காலையில் பிளஷ் அழுத்தினால் பழையபடி ஏறி நிற்கிறது. சேம்பரைத் திறந்தேன். இந்த முறை அது தளும்பிக்கொண்டிருந்தது. மத்தியானம் வெயில் அடித்து, தெருக் கால்வாயில் தண்ணீர் வடிந்ததும் சேம்பரும் வடிந்தது. யாரும் எதையும் கிளறவில்லை.

காய்ந்த நாளில் ஓடி, மழை நாளில் நின்றால் அது அடைப்பு இல்லை. இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளப் பதிவு. அடைப்பு மழையைப் பார்த்து வருவதில்லை, வெயிலைப் பார்த்துப் போவதில்லை.

வயதான மேஸ்திரி ஒருவர் எங்களுக்கு வேலை செய்தார். அவர் கொஞ்ச நேரம் சேம்பரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இனிமே பைப்ப நோண்டாத. மட்டம் பாக்கலாம். டியூப்ப எடு."

டியூப் மட்டம் என்பது நம் கட்டட வேலையின் மிக எளிய, மிக நேர்மையான கருவி. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப், உள்ளே தண்ணீர். குமிழி இல்லாமல் நிரப்ப வேண்டும். ஒரு முனையை இங்கே ஒருவர் பிடிக்க, மறுமுனையை ஐம்பது அடி தள்ளி இன்னொருவர் பிடித்தால், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். சுவர் மறைத்தாலும் சரி, மூலை திரும்பினாலும் சரி. பாத்ரூம் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அதே கோட்டைச் சேம்பர், டேங்க், காம்பவுண்ட் சுவர் என்று தெரு வரைக்கும் கொண்டுபோனோம். பிறகு அந்தக் கோட்டிலிருந்து கீழே அளந்தோம்.

பாத்ரூம் தரையைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாய்லெட் பைப் தொடங்கும் இடம் தரைக்கு 10 இன்ச் கீழே. அங்கிருந்து டேங்க் 24 அடி. அடிக்குக் கால் இன்ச் வாட்டம் என்ற பழைய கணக்குப்படி 6 இன்ச் இறங்கி, டேங்க் வாய் தரைக்கு 16 இன்ச் கீழே. டேங்கின் வெளிவாய் அதற்கும் 2 இன்ச் கீழே, அதாவது 18 இன்ச். முப்பது வருடத்துக்கு முன்னால் அப்பாவும் அன்றைய கொத்தனாரும் செய்த வாட்டத்தில் ஒரு நூல்கூடப் பிசகு இல்லை. அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

பிறகு தெருவை அளந்தோம். 1994-ல் பாத்ரூம் தரைக்கு 24 இன்ச் கீழே இருந்த தெரு, இப்போது அதற்கு 3 இன்ச் மேலே இருந்தது. முப்பது வருடத்தில் 27 இன்ச். இரண்டே கால் அடி.

இப்போது எல்லாம் விளங்கியது. டேங்கின் உபரி நீர் முதலில், நீரை மண்ணுக்குள் இறக்கும் ஒரு சோக் பிட்டுக்குத்தான் போனது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறி சோக் பிட் குடிக்க மறுத்ததும், தெருவில் எல்லோரும் செய்ததுபோல நாங்களும் தெருக் கால்வாய்க்கு இணைப்புக் கொடுத்துவிட்டோம். மழைநீர்க் கால்வாயில் கழிவுநீரை விட்டது எங்கள் தவறு. அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை எழுத எனக்கு உரிமை இல்லை. ரோடு ஏற ஏறக் கால்வாயும் ஏறியது. கால்வாய் பாதி நிரம்பினாலே அதன் தண்ணீர் எங்கள் டேங்கின் வெளிவாயை விட ஓர் அடி உயரத்தில் நிற்கும். அந்தத் தண்ணீர் டேங்குக்குள் வந்து, டேங்கிலிருந்து குழாய்க்குள் வந்து நிற்கும். பிளஷ் செய்யும் தண்ணீருக்குப் போக இடம் ஏது? கால்வாய் நிரம்பினால் கணக்குப்படி பாத்ரூமில் 3 இன்ச். மிக்ஜாம் இரவில் தெருவிலேயே 6 இன்ச் நின்றது. பாத்ரூமில் 9 இன்ச். மேஸ்திரியின் கையில் இருந்த டியூப் என்ன செய்ததோ, அதையே தெருவும் டேங்கும் பாத்ரூமும் சேர்ந்து செய்திருந்தன.

அப்பா கட்டிய பேஸ்மட்டம், வெளிநாட்டுக்காரர் சொல்லும் பேஸ்மெண்டாக மாறிவிட்டிருந்தது.

எங்கள் பக்கத்து நிலமும் இதற்குத் துணை போகிறது. மேற்கே நாகலாபுரம் மலைப்பக்கத்திலிருந்து கிழக்கே பழவேற்காடு ஏரி வரை நிலம் மெல்லச் சரிகிறது. மழைத்தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே போக வேண்டும். ரயில் பாதையும் தேசிய நெடுஞ்சாலையும் வடக்கு தெற்காக, அந்த வழிக்குக் குறுக்கே, கரைபோல உயர்ந்து நிற்கின்றன. பிச்சாட்டூர் அணை திறந்தால் ஆரணி ஆறு புரண்டு வரும். அதுவும் பழவேற்காடு ஏரியில்தான் போய்ச் சேர வேண்டும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் ஏரியும் மெதுவாகத்தான் வாங்கும். ஊரே மெதுவாக வடியும்போது, ஊரில் தாழ்ந்துபோன வீடு கடைசியாகத்தான் வடியும்.

டேங்குக்குள் யாரும் இறங்கவில்லை

டேங்கை மாற்றிக் கட்ட வேண்டும் என்று முடிவானதும், உதவிக்கு வந்த ஒருவர் சொன்னார்: "லாரிக்கு எதுக்கு சார் செலவு? ஒரு பையன் இருக்கான், அஞ்சு நிமிஷம் எறங்கி அள்ளிடுவான்." நான் பதில் சொல்வதற்குள் அம்மா சொன்னார்: "என் டாய்லெட்டுக்காக ஒருத்தர் புள்ள அதுக்குள்ள எறங்கணுமா? வேலையே வேணாம், விடு."

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மூடிய டேங்கில் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்திருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் முதலில் நம் மோப்ப சக்தியை மழுக்கும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குகிறவர் இரண்டு மூச்சில் விழுவார். காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். 2023 மே மாதம் எங்கள் மாவட்டத்திலேயே, மீஞ்சூரில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய இரண்டு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்குக்குள் இறக்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-ல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. எந்தத் தொகையும் ஒரு மகனுக்கு ஈடாகாது.

லாரியைக் கூப்பிடுங்கள். உரிமம் பெற்ற கழிவுநீர் ஊர்தியா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்று கேளுங்கள். 14420 என்ற இலவச எண் இதற்காகவே இருக்கிறது. லாரி உறிஞ்சியபின் மூடியைத் திறந்தே விட்டு, மேலிருந்து செய்யக்கூடிய வேலைகளை மட்டும் செய்தோம். பழைய குழாய் ஓட்டைகளைக்கூட வெளியே தோண்டி, வெளியிலிருந்தே அடைத்தோம்.

என்ன மாற்றினோம்

பாத்ரூம் தரையை 11½ இன்ச் உயர்த்தினோம். ஹாலுக்கும் பாத்ரூமுக்கும் இடையே இருந்த ஓர் அடிப் பள்ளம் அரை இன்ச்சாகிவிட்டது. எட்டரை அடியாக இருந்த கூரை உயரம் ஏழரையாகக் குறைந்தது. யாருக்கும் தலை இடிக்கவில்லை. அம்மா இறங்கி ஏற வேண்டிய படியே இல்லாமல் போனது. தண்ணீருக்காகச் செய்த வேலை முட்டிக்கும் மருந்தானது.

தரைக்குள் இறங்கும் எஸ் ட்ராப்புக்குப் பதிலாக, சுவர் வழியாக வெளியேறும் பி ட்ராப் வைத்த வெஸ்டர்ன் வாங்கினோம். பைப் தரைக்கு அடியில் ஆழம் தேட வேண்டியதில்லை. வெளியே 110 மில்லிமீட்டர் பைப், அடிக்குக் கால் இன்ச் வாட்டம். வாட்டம் போதாவிட்டால் கழிவு தங்கும். மிக அதிகமானாலும் தண்ணீர் மட்டும் முந்திப் போய், கழிவு பின்தங்கும் என்பார் மேஸ்திரி. மடங்கும் இடத்தில் ஒரே செங்குத்து எல்போ போடாமல், இரண்டு அரை வளைவு. ஒவ்வொரு திருப்பத்திலும் திறக்கக்கூடிய சேம்பர். ஒவ்வொரு பைப்பையும் மண் மூடுவதற்கு முன்னால் ரசமட்டம் வைத்துப் பார்த்து, போட்டோ எடுத்து வைத்தேன்.

டேங்கின் சுவரை 16 இன்ச் உயர்த்தி, மூடியைத் தரைக்கு மேலே தெரியும்படி புதிதாகப் போட்டு, சந்துகளைப் பூசினோம். வெண்ட் பைப்பை மொட்டைமாடிக்கு மேலே கொண்டுபோய், கொசு நுழையாமல் வலை கட்டினோம். தெருக் கால்வாய் இணைப்பைத் துண்டித்தோம். ஆழமான பழைய சோக் பிட் மழைக்காலத்தில் நிலத்தடி நீருக்குள்ளேயே நிற்பதால், அதற்குப் பதிலாக ஆழமில்லாத, 20 அடி நீளப் பள்ளம் வெட்டி, ஜல்லி நிரப்பி, பைப் பதித்து, மேலே மண்ணை மேடாக ஏற்றினோம். போர்வெல் வீட்டின் பின்மூலையில். இந்தப் பள்ளம் முன்பக்கம். டேங்குக்கும் பள்ளத்துக்கும் நடுவே, ஒரு பக்கம் மட்டும் திறக்கும் நான்-ரிடர்ன் வால்வு. குளிக்கும் தண்ணீரைத் தனியாகப் பிரித்து வாழைக்கு விட்டோம்.

நான்-ரிடர்ன் வால்வைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வெளித்தண்ணீர் உள்ளே வராமல் அது மூடிக்கொள்ளும்போது, நம் தண்ணீரும் வெளியே போகாது. அந்த நேரத்துக்கு டேங்கில் காலி இடம் வேண்டும். எங்கள் டேங்கில் திரவ மட்டத்துக்கு மேலே விட்டிருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டேன்: 6 அடி நீளம், 3 அடி அகலம், 10 இன்ச் உயரம். சுமார் 400 லிட்டர். நான்கு பேர் சிக்கனமாக இருந்தால் ஒரு வெள்ள நாளைத் தாண்டலாம். பாத்ரூமை உயர்த்தவே முடியாத வீடுகளுக்கு, கழிவைத் தனித் தொட்டியில் சேர்த்து மோட்டாரால் மேலே தள்ளும் வழி ஒன்று இருக்கிறது. பெரிய கட்டடங்களின் அடித்தளத்தில் அப்படித்தான் செய்கிறார்கள். கரண்ட் போனால் அதுவும் நிற்கும் என்பதை மறக்கக் கூடாது. புயல் நாளில்தான் கரண்ட் போகும்.

லைன் வீடு கட்டி வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்து பேருக்கான செப்டிக் டேங்க் என்பது இந்தியத் தர அளவுப்படி ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் திரவ ஆழம். நம் பக்கத்தில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் சிப்காட் வேலைக்கு வந்த இருபது பேர் ஒரே வரிசையில் தங்கும் இடத்திலும் இதே அளவு டேங்க் இருக்கிறது. கழிவு அடியில் தங்க நேரமில்லாமல் அப்படியே வெளியே போகும், அல்லது உள்ளே எதிர்க்கும். அவர்கள் சுத்தம் இல்லாதவர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். டேங்கின் அளவைப் பார்ப்பது நம் கடமை.

அக்டோபர் மழையும் காம்பவுண்ட் சுவரும்

2024 அக்டோபர் மத்தியில் சென்னையிலும் எங்கள் மாவட்டத்திலும் கனமழை. தெருவில் மறுபடி தண்ணீர். ராத்திரி இரண்டு மணிக்கு நான் எழுந்து போய்ப் பார்த்தபோது, எனக்கு முன்னால் அம்மா அங்கே நின்றுகொண்டிருந்தார். தரை காய்ந்திருந்தது. ஜாலியில் சத்தம் இல்லை. "போய்த் தூங்கு" என்றார்.

வால்வு மூடியிருந்ததால்தான் எங்களுக்கு அந்த நிம்மதி. ஆனால் பக்கத்து வீட்டில் அன்று ராத்திரி பூராவும் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஹாலே தெருவை விடத் தாழ்வு. தமிழ்நாட்டில் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செலவு எல்லோராலும் முடியாது. சிகாகோ நகரமும் ஒரு காலத்தில் இப்படித்தான் சேற்றில் நின்றது. 1855-ல் பொறியாளர் எல்லிஸ் செஸ்பரோ போட்ட கழிவுநீர்த் திட்டத்துக்காகத் தெருக்களை உயர்த்தினார்கள். தெரு உயர்ந்தபோது வீடுகளையும் கடைகளையும் ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். அங்கே தெரு உயர்ந்ததற்கு ஓர் அளவு இருந்தது, காரணம் இருந்தது, அடியில் கழிவுநீர்க் குழாய் இருந்தது. நம் தெருக்கள் யாரும் நினைக்காமலேயே உயர்ந்தவை.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. 2021 மே மாதம், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய சாலையின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதுச் சாலை போட வேண்டும், வீடுகளுக்குள் தண்ணீர் போகும்படி உயர்த்தக் கூடாது என்று உத்தரவிட்டார். அந்த உத்தரவை நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ரோடு போட ஆள் வரும் நாளில் தெருவில் நின்று, மரியாதையாக, உறுதியாகக் கேட்க வேண்டும்.

கேட்பதற்குக் கையில் அளவு வேண்டும். வேலை முடிந்த நாளில் மேஸ்திரி கிளம்புவதற்கு முன் டியூப்பை மறுபடி எடுக்கச் சொன்னேன். அன்றைய தெரு மட்டத்தைக் காம்பவுண்ட் சுவரில் குறித்து, சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தேதி எழுதினோம். பக்கத்து வீட்டுச் சுவரிலும் அதே கோடு. பிறகு எதிர்வீட்டில் கேட்டார்கள், அங்கேயும் போட்டோம். இப்போது எங்கள் தெருவில் பதினோரு சுவரில் அந்தச் சிவப்புக் கோடு இருக்கிறது, எல்லாம் ஒரே மட்டத்தில். அடுத்த ரோடு வரும்போது அதற்குக் கீழே நிற்கட்டும்.